வாசலில் நிறுத்த வசதி இல்லையா? சுவரில் மாட்டுங்க ரோல்ஸ் ராய்ஸ்!

பிரேம் போட்ட கார் படம் வாங்குறவங்க கவனத்துக்கு...

"நமக்கு எங்கே சார் ரோல்ஸ் ராய்ஸ்?" என்று பெருமூச்சு விடுகிறவரா நீங்கள்? கவலையை விடுங்கள். நைனார்பாளையத்தில் ஓட்டு வீடாக இருந்தாலும் சரி, சென்னையில் ஒண்டுக்குடித்தனமாக இருந்தாலும் சரி, ஒரு ஆணி அடிக்க இடம் இருந்தால் போதும். அந்தக் காலத்து ராஜா கார் உங்கள் வீட்டில்!

ஆனால் பர்சைத் திறக்கும் முன் விஷயம் தெரிந்துகொள்ளுங்கள்.

வெள்ளிப் பேய்!

1907ல் வெள்ளி நிறம் அடித்து வந்த ரோல்ஸ் ராய்ஸ் காருக்கு 'சில்வர் கோஸ்ட்' என்று பெயர். அதாவது வெள்ளிப் பேய்! சத்தமே போடாமல் வந்து நிற்குமாம். அந்தக் கம்பெனி கார்களின் மூக்கில் பறக்கும் பெண் பொம்மை வந்தது 1911ல். செய்தவர் சார்லஸ் சைக்ஸ் என்ற ஓவியர்.

ஜாகுவார் காரில் பாயும் சிறுத்தையை அமைத்தவரும் ஓவியர்தான். பெயர் கார்டன் கிராஸ்பி. 'ஆட்டோகார்' பத்திரிகைக்குக் கார் படமாக வரைந்து தள்ளியவர்.

புகாட்டி ராயல் காரில் இருப்பது என்ன தெரியுமா? தும்பிக்கை தூக்கி நிற்கும் யானை! முதலாளியின் தம்பி ரெம்பிராண்ட் புகாட்டி செய்த சிற்பம் அது. தயாரானதோ மொத்தம் ஆறே கார்!

'ஒரிஜினல்' உஷார்!

இனி வியாபாரத்துக்கு வருவோம். கடைக்காரர் "ஒரிஜினல் சார்" என்பார். உடனே மயங்காதீர்கள். லென்ஸ் வைத்துப் பாருங்கள். கலர் கலராகப் புள்ளிகள் தெரிந்தால் அது அச்சடித்த தாள். தாளுக்குத் தாள் விலை கொடுங்கள், ஓவியத்துக்கு உண்டான விலை கொடுக்காதீர்கள்.

படத்தின் கீழே பென்சிலில் 25/200 என்று இருக்கிறதா? 200 பிரதி மட்டும் அச்சிட்டதில் இது 25வது என்று அர்த்தம். எண்ணும் இல்லை, ஓவியர் கையெழுத்தும் இல்லை என்றால் கூடுதல் விலை எதற்கு? கேளுங்கள்.

பிரேமிலும் சூட்சுமம் உண்டு. கண்ணாடி படத்தோடு ஒட்டக்கூடாது. ஒட்டினால் மழைக்காலத்தில் ஈரம் ஏறிப் பிடித்துக்கொள்ளும். நடுவில் அட்டை வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். வெயில் விழும் சுவர் வேண்டவே வேண்டாம். சாயம் வெளுத்துவிடும். ஓதம் ஏறும் சுவர் என்றால் பின்பக்க மூலைகளில் கார்க் துண்டு ஒட்டுங்கள். காற்று போகும். செலவு சொற்பம், ஆயுசு கெட்டி!

நிஜக் கார் பார்க்கணுமா?

கோவை அவிநாசி ரோட்டில் ஜி.டி. கார் மியூசியம் இருக்கிறது. 2015ல் திறந்தது. 1920ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒரே ஒரு பஸ் ஓட்டித் தொழில் தொடங்கிய ஜி.டி.நாயுடு குடும்பத்தார் அமைத்தது. நைனார்பாளையத்தார் சின்னசேலம், ஆத்தூர், சேலம் வழியாகப் போகலாம்.

குழந்தைகளையும் கூட்டிப்போய்க் காட்டுங்கள். அப்புறம் கடையில் படத்தை நீட்டினால், சக்கரம் சரியா, விளக்கு சரியா என்று உங்கள் பையனே சொல்லிவிடுவான்!