எரியாத மருந்து

கைத்துப்பாக்கி வெடிக்கும்போது அதன் வாயில் தீ பறப்பதைச் சினிமாவில் பார்த்திருப்பீர்கள். (சினிமாத் தீ சற்று மிகைதான்!) அது உள்ளேயிருந்து வருகிற நெருப்பு என்றுதானே நினைக்கிறீர்கள்? பெரும்பகுதி வெளியே வந்த பிறகு பிடிக்கிற நெருப்பு! மருந்து முழுக்க எரியக் குழலுக்குள் பிராணவாயு போதாது. கார்பன் மோனாக்ஸைடும் ஹைட்ரஜனும் கொதிக்கக் கொதிக்க வெளியேறி, காற்றைக் கண்டதும் குப்பென்று பற்றிக்கொள்கின்றன.

அமெரிக்காவில், சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை எறியாமல் வீட்டிலேயே மருந்து நிரப்பி மறுபடி சுடுகிறவர்கள் ஏராளம். 1935-ல் வந்த '.357 மாக்னம்' தோட்டாவுக்கு அவர்கள் விரும்பிப் போடுவது நிதானமாக எரியும் மருந்து. நீண்ட குழலில் அது நல்ல வேகம் தரும். இரண்டு அங்குலக் குழலிலோ, எரிந்து முடியுமுன் குண்டு போய்விடும்! முன்னால் தீப்பந்து, கீழே எரியாத துகள்கள். கூட்டின் வாய் குண்டை இறுகப் பிடிக்காவிட்டாலும் இதே கதிதான். அழுத்தம் ஏறினால்தானே மருந்து ஒழுங்காக எரியும்?

துகள்தானே என்று அலட்சியம் வேண்டாம். ரிவால்வரில் காலிக் கூடுகளை வெளியே தள்ளும் நட்சத்திரத் தகட்டின் அடியில் நாலு துகள் புகுந்தால் உருளை சுழல மறுக்கும். இருட்டிலோ, அந்தத் தீயே சுட்டவர் கண்ணைக் கூசவைத்துவிடும். எதிரே நிற்பது யார் என்று சில விநாடி தெரியாது. ராத்திரி ரோந்து போகும் போலீஸ்காரருக்கு அந்தச் சில விநாடி உயிர்ப் பிரச்னை. அதனால் ஆலைகளில் மருந்தோடு சிறிது பொட்டாசிய உப்பு கலந்து தீயை அடக்குகிறார்கள். புகை மட்டும் கொஞ்சம் கூடும்.

துப்பறிவோருக்கு இந்தத் துகள்கள் நல்ல நண்பர்கள். அருகில் நின்று சுட்டால் அவை தோலில் புள்ளி புள்ளியாகத் தைத்துவிடும். "பத்தடி தள்ளி நின்றேன்" என்று சாதிக்கும் ஆசாமியை அந்தப் புள்ளிகள் காட்டிக்கொடுத்துவிடும்.