ஈரம் இருந்தால்தான் காயும் பெயின்ட்!

செல்லங்களே, மழை நாளில் வாசல் கேட்டுக்குப் பெயின்ட் அடிக்கலாமா? "கூடாது, காயவே காயாது" என்று சட்டென்று சொல்லிவிட்டீர்களே, சபாஷ்! ஆனால் காற்றில் ஈரம் இருந்தால்தான் காயும் பூச்சும் ஒன்று உண்டு. வியட்நாமின் 'சோன் மாய்' ஓவியங்களை அதில்தான் தீட்டுகிறார்கள்.

அந்நாட்டின் ஃபூ தோ பகுதியில் ஒரு மரம் வளர்கிறது. பட்டையைக் கீறினால் பால் வடியும். அந்தப் பால்தான் இந்தப் பூச்சு. முதலில் வெளிறிய நிறம். காற்றுப் பட்டதும் பழுப்பாகி, பிறகு கறுத்துவிடும்.

அந்த மரம் யாருக்குச் சொந்தம் தெரியுமா? அம்பத்தூர், பூந்தமல்லி வீட்டுக் கொல்லைகளில் நிற்கும் மாமரத்துக்கு! முந்திரியும் சேங்கொட்டையும்கூட அதே குடும்பம்தான். மாங்காய்க் காம்பை ஒடித்ததும் வழியும் பால் உதட்டில் பட்டால் புண்ணாகிவிடும் அல்லவா? வியட்நாம் மரப்பால் அதைவிடப் பொல்லாதது. தோல் தடித்து அரிக்கும். இறுகிய பிறகு பயமில்லை.

சரி, ஈரத்தில் எப்படிக் காயும்? கொடியில் துணி காய்கிறது என்றால், தண்ணீர் ஆவியாகிப் போகிறது. மரப்பாலில் நடப்பது வேறு. அதற்குள் லாக்கேஸ் என்ற நொதி இருக்கிறது. அது காற்றின் ஆக்சிஜனைக் கொண்டு, பாலிலுள்ள குட்டி மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைக்கும். பிணையப் பிணையப் பால் இறுகும். அந்த நொதிக்கு ஈரமும் வெதுவெதுப்பும் வேண்டும். காற்று வறண்டால் சோம்பிவிடும். புரிந்ததா? இல்லையென்றால் இன்னொரு தடவை படியுங்கள், அவசரமில்லை.

முன்பெல்லாம் கோயில் சிலைகளுக்கும் பெட்டிகளுக்கும் இதைப் பூசினார்கள். 1925-இல் ஹனோயில் ஓர் ஓவியக் கல்லூரி தொடங்கியது. அதன் மாணவர்கள் 1930-களில் இதே பூச்சில் மலை, மூங்கில், வயல், தோட்டம் எல்லாம் வரையத் தொடங்கினார்கள்.

பலகையில் ஒரு பூச்சு. அது இறுகியதும் இன்னொன்று. இப்படிப் பத்துக்கும் மேல்! இடையிடையே தங்கத் தகடு, வெள்ளித் தகடு. பூச்சே பழுப்பு என்பதால் அதில் வெள்ளைப் பொடியைக் கலந்தாலும் பழுப்பாகத்தான் தெரியும். அதனால் வெள்ளைக்கு முட்டை ஓட்டுச் சில்லுகளைப் பதிப்பார்கள். என்ன சாமர்த்தியம், பார்த்தீர்களா?

கடைசியில் தண்ணீர் விட்டுத் தேய்ப்பார்கள். சப்பச் சப்ப நிறம் மாறும் உருண்டை மிட்டாய் சாப்பிட்டிருக்கிறீர்களே, அதுபோல அடியில் ஒளிந்திருந்த நிறங்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். கொஞ்சம் தேய்த்தால் மூடுபனி. இன்னும் தேய்த்தால் தங்க வெயில். அதிகம் தேய்த்தால் போச்சு!

இதில் பெரிய கெட்டிக்காரர் நுயென் கியா ட்ரி (1908–1993). ஒரு வசந்தத் தோட்டத்தை 9 பலகைகளில் தீட்டினார். 1969-இல் தொடங்கி 1989-இல் முடித்தார். 20 வருடம்! 5.4 மீட்டர் அகலமுள்ள அந்த ஓவியம் ஹோ சி மின் நகர நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2013-இல் அது வியட்நாமின் தேசியப் பொக்கிஷமானது.

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி. சோன் மாய் ஓவியர் ஒருவர் ஆவடியில் குடியேறினால், அவருடைய பூச்சு எப்போது சீக்கிரம் இறுகும்: பங்குனி வெயிலிலா, ஐப்பசி மழையிலா? காரணத்தோடு சொல்லுங்கள், கெட்டிக்காரர்களே!