ஓடும்போது மயங்கினால் அது களைப்பு அல்ல

2024 மார்ச்சில் அம்பாறை மாவட்டத்தின் திருக்கோவிலில், பாடசாலை மரதன் ஓடிய 16 வயது மாணவர் ஒருவர் சுகவீனமுற்று வைத்தியசாலையில் இறந்துபோனார். ஊர் திரண்டு வைத்தியசாலை வாசலில் நியாயம் கேட்டது. வெயில் தகித்த அந்தப் பருவத்தில் பிள்ளைகளை வெளிக்கள விளையாட்டுகளில் ஈடுபடுத்துவதைக் குறைக்கும்படி கல்வி அமைச்சும் அறிவுறுத்தியிருந்தது. அந்தச் சாவின் காரணத்தைச் செய்தியை வைத்து நாம் தீர்ப்பது முறையல்ல. ஆனால் இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பிள்ளையை அனுப்புகிற மாத்தளை மாவட்ட நாலந்தாப் பெற்றோரும் ஒரு கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்: இங்கே மைதானத்தில் ஒரு பிள்ளை விழுந்தால் முதல் ஐந்து நிமிடத்தில் யார் என்ன செய்வார்கள்?

ஏ9 வீதியில் மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கிறது நாலந்தா. கெடிகே என்னும் பழைய கற்கோயிலைப் பார்க்க வருகிறவர்களுக்கு அது வசதி. இதயம் நின்றவருக்கு அல்ல. நெஞ்சழுத்தமும் இல்லாமல், இதயத்துக்கு மின்னதிர்ச்சி தருவது தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது. 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், கட்டாயம் அழையுங்கள். அது எவ்வளவு விரைந்து வந்தாலும், வரும்வரை நெஞ்சை அழுத்துகிற கைகள் மைதானத்திலேயே இருந்தாக வேண்டும்.

இதைப் படித்துவிட்டுப் பிள்ளையை ஓட்டத்திலிருந்து நிறுத்திவிடாதீர்கள். விளையாட்டில் இதயம் நிற்பது மிக அரிது. ஓடாமல் கைப்பேசியோடு உட்கார்ந்திருப்பதால் பின்னாளில் வரும் இதய நோயோ அரிதல்ல. ஆபத்து சிலருக்குத்தான், அந்தச் சிலரைக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

பதின்ம வயதில் வருவது பெரும்பாலும் பெரியவர்களுக்கு வருவதுபோல் கொழுப்பு அடைத்த மாரடைப்பு அல்ல. இதயத் தசை தடித்துப்போகும் பரம்பரைக் கோளாறு ஏறக்குறைய 500 பேரில் ஒருவருக்கு உண்டு. சிலருக்கு இதயத்தின் மின்னோட்டம் பிசகியிருக்கும். சிலருக்கு இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் இரத்தக்குழாய் தவறான இடத்தில் புறப்படும். சும்மா இருக்கும்போது எதுவும் தெரியாது. டெங்கு உள்ளிட்ட வைரஸ் காய்ச்சல்கள் இதயத் தசையை வீங்க வைக்கலாம். காய்ச்சல் விட்ட மறுநாளே பயிற்சிக்கு ஓடுகிற பிள்ளையைப் பாராட்டும் வழக்கம் நம்மிடம் உண்டு. அதைக் கைவிட வேண்டும். தொண்டை நோவைக் கவனியாமல் விட்டால் வரக்கூடிய வாதக் காய்ச்சல் இதய வால்வுகளைக் கெடுக்கலாம். அதற்கு மூன்று, நான்கு கிழமைக்கு ஒருமுறை போடும் பெனிசிலின் ஊசியை, பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறான் என்று நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

உடல் முன்கூட்டியே சொல்லும் செய்தி ஒன்று உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுவது. வெயிலில் அணிவகுத்து நின்று தலைசுற்றி விழுவது வேறு, ஓட்டத்தின் நடுவே விழுவது வேறு. பின்னதைக் "காலையில் சாப்பிடவில்லை" என்று குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து மறந்துவிடுகிறோம். ஓடும்போது நெஞ்சு நோவு, காரணமில்லாத படபடப்பு, கூட ஓடுகிறவர்களைவிட மிக அதிகமாக மூச்சு வாங்குவது ஆகியவையும் அப்படியே. குடும்பத்தில் 50 வயதுக்குள் திடீரென இறந்தவர் உண்டா என்றும் யோசியுங்கள். நீந்தத் தெரிந்தும் மூழ்கிய மாமா அந்தக் கணக்கில் வரலாம். இவற்றில் ஒன்று இருந்தாலும், ஈ.சீ.ஜீ. எடுத்து வைத்தியர் பார்த்துச் சொல்லும்வரை ஓட்டம் வேண்டாம். மாத்தளை, தம்புள்ளை அரசாங்க வைத்தியசாலைகளில் இதற்குப் பணம் கேட்க மாட்டார்கள்.

இத்தாலி 1982இல் போட்டி வீரர் எல்லோருக்கும் ஈ.சீ.ஜீ. பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. அந்நாட்டின் வெனெத்தோ பகுதியில் இளம் வீரர்களின் திடீர் இதயச் சாவு ஏறத்தாழ 90 சதவீதம் குறைந்ததாக 2006இல் ஆய்வு வெளியானது. எல்லா நாடும் அதைப் பின்பற்றவில்லை. செலவும், நல்ல இதயத்தை நோயென்று காட்டும் பிழையும் தடை. நமக்கு ஏற்கெனவே உள்ள வழி, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை நடத்தும் பாடசாலை மருத்துவப் பரிசோதனை. 200 மாணவருக்குக் குறைந்த சிறு பாடசாலைகளில் எல்லா வகுப்பினரையும் பார்க்க வேண்டும் என்பது அதன் நடைமுறை. மேலே சொன்ன கேள்விகளை அந்த நாளில் கேட்கச் செய்தாலே பாதி வேலை முடிந்துவிடும் என்பது என் எண்ணம்.

2021 ஜூன் 12 அன்று கோப்பன்ஹேகனில் டென்மார்க் உதைபந்தாட்ட வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் ஆட்டத்தின் நடுவே விழுந்தார். அங்கேயே நெஞ்சை அழுத்தினார்கள், மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு உலகக் கிண்ணத்தில் அவர் ஆடினார். செய்முறை கடினமல்ல. விழுந்தவர் கூப்பிட்டும் அசையவில்லை, மூச்சு இல்லை அல்லது விட்டுவிட்டுத் திணறுகிறது என்றால் 1990ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 முதல் 6 சென்றிமீற்றர் ஆழத்துக்கு அழுத்துங்கள். இதயம் நின்றவருக்குக் கைகால் வெட்டி இழுத்தால் அதை வலிப்பென்று நினைத்து இரும்பைக் கையில் திணிப்பதும், வாயில் தண்ணீர் ஊற்றுவதும் உயிரைக் குடிக்கும்.

பெற்றோராக நீங்கள் தயங்காமல் கேட்கலாம்: மரதன் விடியற்காலையிலா, வழியில் தண்ணீர் உண்டா, நெஞ்சழுத்தம் பழகிய ஆசிரியர் யார், வாகனம் எங்கே நிற்கும். முடியாது என்கிற பிள்ளையை இல்லத்துக்குப் புள்ளி வேண்டுமென்று ஓடவைக்க யாருக்கும் உரிமையில்லை. நீங்கள் சம்மதக் கடிதத்தில் கையெழுத்திட்டதாலேயே பாடசாலையின் கவனக் கடமை தீர்ந்துபோவதுமில்லை.

சாவு நேர்ந்துவிட்டால் மரண விசாரணையையும் பிரேத பரிசோதனையையும் வேண்டாமென்று மறுக்காதீர்கள். பரம்பரைக் கோளாறு என்றால், அந்த அறிக்கைதான் தம்பி தங்கைகளைப் பரிசோதிக்க வழி காட்டும். அவர்களுக்கும் பெற்றோருக்கும் ஈ.சீ.ஜீ., எக்கோ இரண்டும் எடுக்க வேண்டும். அரசாங்கப் பாடசாலை அல்லது வைத்தியசாலையின் கவனயீனம் என்று கருதினால் வலயக் கல்விப் பணிமனைக்கும் சுகாதாரத் திணைக்களத்துக்கும் எழுத்தில் முறையிடலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அறிக்கைகளைக் கேட்கலாம். அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் போவதானால் ஒரு மாதமே அவகாசம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டிருந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. நட்டஈட்டு வழக்குக்கு இரண்டு ஆண்டுகள் உண்டு. துக்கவீட்டில் இந்தத் தேதிகளை யாராவது ஓர் உறவினர் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.