உலோகத் தூளுக்கும் ஓர் உறை உண்டு

பெயிண்ட், ஹார்டுவேர், ரசாயனப் பொருள் வணிகர்கள் கவனத்திற்கு

அலுமினியப் பவுடர் நம் வணிகர்களுக்குப் புதிய சரக்கு அல்ல. கிரில் கேட்டுக்கும் தகரக் கொட்டகைக்கும் அடிக்கும் சில்வர் பெயிண்ட் முதல் சிவகாசி மத்தாப்பு வரை அதன் பயன் பரந்தது. சுண்ணாம்பும் சிமெண்டும் கலந்த கலவையைப் பொங்கவைத்து இலகுக் கட்டடக் கற்கள் செய்வதும் இதைக் கொண்டுதான். திட எரிபொருள் ராக்கெட்டுகளிலும் அலுமினியத் தூள் முக்கியப் பொருள். நம் மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட ஏவுதளம் திட எரிபொருளில் இயங்கும் சிறிய ராக்கெட்டுகளை மனத்தில் கொண்டே திட்டமிடப்பட்டது.

தென்மாவட்டங்களுக்கு இத்தொழில் புதிதன்று. திருமங்கலத்தில் உலோகத் தூள் தயாரிக்கும் மெட்டல் பவுடர் கம்பெனியின் சுருக்கப் பெயர்தான் மெப்கோ. 1984இல் சிவகாசியில் தொடங்கப்பட்ட மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரி இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது.

இத்தூளின் விலையையும், பயனையும், ஆபத்தையும் தீர்மானிப்பது ஒவ்வொரு துகளையும் மூடியிருக்கும் மெல்லிய உறையே. சரக்கை வாங்கி விற்கும் நாம் இதை அறிந்திருப்பது அவசியம்.

ஒரு கிலோவில் ஐந்தரை சென்ட்

ஒரு கிலோ அலுமினியத்தை ஒரே கட்டியாக வைத்தால் அது பக்கத்துக்கு ஏழு சென்டிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட கனசதுரம். அதன் மேற்பரப்பு சுமார் 310 சதுர சென்டிமீட்டர்தான். அதே ஒரு கிலோவை 10 மைக்ரான் விட்டமுள்ள உருண்டைத் துகள்களாக்கினால் மேற்பரப்பு சுமார் 220 சதுர மீட்டர் ஆகிவிடுகிறது. நம் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ ஐந்தரை சென்ட் மனை! மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

எடை மாறவில்லை; காற்றும் ஈரமும் தொடும் இடம் ஏழாயிரம் மடங்கு பெருகிவிட்டது. அலுமினியப் பாத்திரம் அடுப்பில் எரிவதில்லை. அதே உலோகத்தின் தூள் காற்றில் பறந்தால் ஒரு பொறியில் வெடிக்கிறது. காரணம் இதுவே.

முத்து வணிகம் கண்ட நம் கடற்கரைக்கு இது எளிதில் விளங்கும். மன்னார் வளைகுடாவின் நம் பகுதியில் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. பின்னர் 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி மையம் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டியது. வளர்ப்பு முத்தின் உள்ளே இருப்பது சிப்பி ஓட்டில் கடைந்த சாதாரண மணி. அதன்மேல் படியும் மெல்லிய அடுக்குகளுக்குத்தான் விலை.

இயற்கை உறையும் செயற்கை உறையும்

அலுமினியம் காற்றைத் தொட்டவுடன் தானாகவே ஓர் ஆக்சைடு தோலைப் போர்த்திக்கொள்கிறது. அது மிக மெல்லியது. காரமும் அமிலமும் அதைக் கரைக்கும். உப்பு அதை அரிக்கும். தோல் போனால் உள்ளே உள்ள உலோகம் நீருடன் வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும். கூடவே சூடும் ஏறும். இலகுக் கற்களைப் பொங்கவைப்பது இந்த வாயுவே. அதே வாயு மூடிய டின்னுக்குள் உண்டானால் டின் உப்பும். தீப்பொறி பட்டால் விபத்துதான்.

ஆகவே தயாரிப்பாளர்கள் இன்னோர் உறையைச் சேர்க்கிறார்கள். உருளை ஆலையில் எஃகுக் குண்டுகளுடன் தூளை அரைக்கும்போது ஸ்டீரிக் அமிலம் என்ற கொழுப்புப் பொருளைச் சிறிதளவு சேர்ப்பது வழக்கம். துகள்கள் தட்டையான செதில்களாகும். ஒவ்வொரு செதில் மேலும் கொழுப்பு படியும். செதில்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. ஈரமும் எளிதில் அண்டுவதில்லை. பெயிண்டில் கலக்கும்போது அவை மேலே மிதந்து, ஓடு வேய்ந்ததுபோல அடுக்கிக்கொள்கின்றன. சில்வர் பெயிண்டின் கண்ணாடிப் பளபளப்பு இதனால் வருவதே.

துறைமுகத்தில் இரண்டு எண்கள்

கடல்வழி ஆபத்துச் சரக்குகளுக்கான பன்னாட்டு விதிகளே இந்த உறையை வைத்துத் தூளை இருவகையாகப் பிரிக்கின்றன. உறையிட்ட அலுமினியத் தூளுக்கு ஐ.நா. எண் 1309, வகுப்பு 4.1, அதாவது தீப்பற்றும் திடப்பொருள். உறையிடாத தூளுக்கு எண் 1396, வகுப்பு 4.3, அதாவது நனைந்தால் ஆபத்தான பொருள்.

சுங்கத் தலைப்பு 7603இன் கீழும் செதில் தூளுக்கு ஓர் உட்பிரிவு, செதிலல்லாத தூளுக்கு ஓர் உட்பிரிவு. பெயிண்ட் தயாரிப்புக்கான அலுமினிய பேஸ்ட் 3212 என்ற வேறு தலைப்பில் வரும். வ.உ.சி. துறைமுகம் வழியாகச் சரக்கு வரவழைப்போரும் அனுப்புவோரும் 'அலுமினியப் பவுடர்' என்று மட்டும் எழுதினால் போதாது. உறை உண்டா, இல்லையா என்பதை விற்பவரிடம் எழுத்தில் பெறுங்கள். தவறான எண்ணில் ஏறும் சரக்கு கப்பலுக்கும் ஆபத்து, நமக்கும் நஷ்டம்.

அயனி முறை என்பது என்ன?

உறைமேல் உறை இடுவதற்குப் பதிலாக, உலோகத்தின் தோலையே மாற்றும் முறையும் உண்டு. அயனி என்பது மின்னேற்றம் பெற்ற அணு. நைட்ரஜன் போன்றவற்றை அயனிகளாக்கி, வெற்றிடத்தில் பல்லாயிரம் முதல் லட்சக்கணக்கான வோல்ட் அழுத்தத்தில் முடுக்கிப் பாய்ச்சினால், அவை உலோகத்துக்குள் புகுந்து தங்கிவிடும். புகும் ஆழம் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைவே. மேலே ஒட்டிய பூச்சு அல்ல என்பதால் உரிந்து விழாது. பொருளின் அளவும் மாறாது.

அமெரிக்க விஞ்ஞானி ஷாக்லி மின்னணுக் கருவிகளுக்காக 1954இல் இம்முறைக்குக் காப்புரிமை கோரினார். இன்று கணினிச் சில்லுகள் எல்லாம் இதைக் கடந்தே வருகின்றன. செயற்கை இடுப்பு மூட்டுகள் தேயாதிருக்கவும் பயன்படுத்தியுள்ளனர். நம் மாநிலத்தில் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் இத்தகைய ஆய்வுக்கு 17 லட்சம் வோல்ட் முடுக்கி இருக்கிறது.

தூளுக்கு இதைச் செய்வதில்தான் சிக்கல். அயனிக் கற்றை நேர்கோட்டில் செல்லும். மேலிருக்கும் துகள் கீழிருப்பதை மறைத்துவிடும். வெற்றிடக் கலத்துக்குள் தூளைச் சுழற்றிப் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கிலோவுக்கு ஐந்தரை சென்ட் பரப்பில் அயனியைப் பதிப்பது எவ்வளவு நேரம், எவ்வளவு செலவு என்று எண்ணிப் பாருங்கள். எனவே இது ஆய்வுக்கூடத்துக்கும் விலையுயர்ந்த சிறு அளவுச் சரக்குக்கும் உரியது. 'அயனி முறையில் பதப்படுத்தியது' என்று மூட்டைக் கணக்கில் மலிவாகத் தூள் விற்க எவரேனும் வந்தால், ஆய்வறிக்கை கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

உப்புக் காற்றில் உள்ள நம் குடோன்கள்

2014 ஆகஸ்ட் 2 அன்று சீனாவின் குன்ஷான் நகரில் கார் சக்கரங்களுக்கு மெருகேற்றும் தொழிற்சாலையில் அலுமினியத் தூசி வெடித்தது. அன்றே 75 பேர் மாண்டனர். இறுதியில் உயிரிழப்பு 146ஐ எட்டியது. தூசி சேகரிப்புக் கலனில் ஈரமுற்ற தூள் தானே சூடேறியதே தொடக்கம் என்று அரசு விசாரணை கண்டது. கடலும் உப்பளமும் சூழ்ந்த நம் ஊருக்கு இது நேரடிப் பாடம். ஆகவே:

1. டின்னை இறுக மூடி, தரையில் படாமல் பலகைமேல் வையுங்கள். உப்பிய டின்னைக் கடைக்குள் திறக்க வேண்டாம்.

2. காஸ்டிக் சோடா, சுண்ணாம்பு, அமிலம், பிளீச்சிங் பவுடர், வெடியுப்பு, கந்தகம் ஆகியவற்றின் அருகில் வைக்கக் கூடாது.

3. சில்லறையாக நிறுக்கும்போது தூசி எழும்பக் கூடாது. விளக்கு, பீடி, மின்விசிறி எதுவும் அருகில் வேண்டாம்.

4. உறையிட்டதையும் உறையிடாததையும் ஒரே டின்னில் கொட்டிக் கலக்காதீர்கள்.

5. தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. கார்பன் டை ஆக்சைடு அணைப்பானும் பயன்படாது. உலோகத் தீக்கான டி வகை அணைப்பான் அல்லது உலர்ந்த மணலை, தூசி கிளம்பாமல் மெதுவாகப் போட்டு மூடுங்கள். கடற்கரை மணலை வாளியில் நிரப்பி வைக்காதீர்கள்; அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுக்கும்.

6. எந்த ரசாயனத்துடனும் கலந்து தரச் சொன்னால் மறுத்துவிடுங்கள். உரிமமின்றி வெடிகலவை செய்வது 2008ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளின்படி குற்றம்.

பெயிண்டுக்கு மட்டும் சரக்கு வைப்பவர்கள் தூளுக்குப் பதில் பேஸ்ட் வைக்கலாம். அதில் தூசி எழாது. கரைப்பானின் ஆவி தீப்பற்றும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

இந்த ஆறு விதிகளையும் பெரிய எழுத்தில் எழுதிக் குடோன் கதவில் ஒட்டிவைக்குமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். டின்னைத் திறப்பது பெரும்பாலும் கடைப் பையனின் கைதான். முதலில் தெரிய வேண்டியது அவனுக்கு.