அடைப்பே இல்லாமல் குடல் நிற்பது ஏன்?

திண்டிவனம்–விழுப்புரம் நெடுஞ்சாலையில் அடிபட்டு இடுப்பெலும்பு முறிந்து, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த ஒருவருக்குச் சில நாளில் வயிறு மத்தளமாக உப்பலாம். காற்றும் பிரியாது, மலமும் போகாது. ஸ்கேனில் கட்டியோ முறுக்கலோ தெரியாது.

பெருங்குடலை அசைக்கும் தானியங்கி நரம்புகளின் சமநிலை குலைவதே இதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது. 1948இல் பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் ஓகில்வி இதை விவரித்தார். பெரிய காயம், சிசேரியன், கடும் தொற்று, பொட்டாசியக் குறைவு, மார்ஃபின் வகை வலி மருந்துகள் எல்லாம் இதைத் தூண்டும். நரம்பு, தசைக் கோளாறால் வரும் இதன் நாள்பட்ட வகை அரிது.

சாப்பாட்டை நிறுத்தி, மூக்குவழிக் குழாய் போட்டு, பொட்டாசியத்தைச் சரிசெய்தாலே பலருக்குக் குடல் இயல்புக்குத் திரும்பிவிடும். திரும்பாவிட்டால் நியோஸ்டிக்மின் ஊசி. நல்ல பாம்பு கடித்தவருக்கு விஷமுறிவு மருந்தோடு போடுகிறார்களே, அதேதான்! நரம்பின் செய்தியைத் தசைக்குக் கடத்தும் அசிட்டைல்கோலின் சிதையாமல் அது காக்கிறது. 1999இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஊசி போட்ட 11 பேரில் 10 பேருக்குச் சில நிமிடங்களிலேயே குடல் இயங்கியது. வெற்று ஊசி போட்ட 10 பேரில் ஒருவருக்கும் இல்லை. இதயத் துடிப்பை நியோஸ்டிக்மின் குறைக்கும் என்பதால் மானிட்டர் மாட்டி, துடிப்பை உயர்த்தும் அட்ரோபினைத் தயாராக வைத்தே போட வேண்டும். அதுவும் பலிக்காவிட்டால் கொலனோஸ்கோப்பி மூலம் காற்றை உறிஞ்சுவார்கள்.

பெருங்குடலின் தொடக்கப் பகுதி 12 சென்டிமீட்டரைத் தாண்டி விரிந்தால் கிழியும் ஆபத்து அதிகம். அதனால் நோயாளிக்கு வயிறு உப்பினால், வாயுத் தொல்லை என்று நினைத்து நீங்களாகப் பேதி மருந்து கொடுக்காதீர்கள். வார்டு நர்ஸிடம் உடனே சொல்லுங்கள்.