ஆறு குண்டு... இருபத்து மூணு டுமீல்!

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டுவிட்டு டி.வி. முன்னால் சாய்ந்திருந்தேன். கூடவே எதிர்வீட்டு ஏட்டய்யா. ரிட்டயர்டு போலீஸ். திரையில் ஹீரோ ஒரு குடோனுக்குள் ரிவால்வரோடு புகுந்து அடியாட்களை வரிசையாகச் சாய்த்துக் கொண்டிருந்தார். டுமீல்... டுமீல்...!

"எத்தனை ஆச்சு தம்பி?" என்றார் ஏட்டய்யா.

"எத்தனை பேர் செத்தாங்கன்னா கேக்கறீங்க?"

"ஆளை விடுங்க. ரவுண்டு எத்தனை?"

எண்ணினோம். இருபத்து மூணு! ரிவால்வரில் இருப்பதோ ஆறு ஓட்டை. நடுவில் ஹீரோ தோட்டா போட்டதாகச் சரித்திரமே இல்லை. நான் பி.காம். சார். ஓப்பனிங் ஸ்டாக் 6, பர்ச்சேஸ் நில், இஷ்யூ 23, கையிருப்பு இன்னும் பாக்கி என்று எவனாவது கணக்கு எழுதிக் கொண்டு வந்தால் ஆடிட்டர் சும்மா விடுவாரா?

ரிவால்வரை விடுங்கள். ஏ.கே. 47-க்கு வருவோம். நிமிடத்துக்குச் சுமார் 600 குண்டு வேகம். கேட்க ஜோராகத்தான் இருக்கிறது. ஆனால் அதன் மேகஸினில் வழக்கமாக இருப்பது 30. வகுத்துப் பாருங்கள். விரலை எடுக்காமல் அழுத்தினால் மூன்றே விநாடியில் காலி! வில்லன் பெயரைச் சொல்லி ஹீரோ கத்தி முடிப்பதற்குள் கதை முடிந்துவிடும். அமெரிக்கச் சிப்பாய் வழக்கமாகச் சுமந்து போவது ஏழு மேகஸின், 210 குண்டு. நிறுத்தாமல் சுட்டால் அரை நிமிடத்துக்குக் கூடக் காணாது.

'பிரிடேட்டர்' (1987) படத்தில் ஒருவர் மினிகன்னைக் கையில் தூக்கிக் கொண்டு காட்டையே மொட்டையடிப்பாரே, ஞாபகம் இருக்கிறதா? நம்ம 'கைதி' (2019) க்ளைமாக்ஸில் கார்த்தி பிடிப்பதும் அந்த ஜாதிதான். ஹெலிகாப்டரில் பொருத்துகிற சமாசாரம் அது. கரண்ட் இல்லாமல் சுற்றாது. ஷூட்டிங்கில் நடிகரின் பேன்ட்டுக்குள் ஒளித்து ஒயர் இழுத்துத்தான் சமாளித்தார்கள். நிமிடத்துக்கு 3,000 குண்டு என்று வைத்துக் கொள்வோம். ஒரு தோட்டா சுமார் 24 கிராம். ஆக 72 கிலோ. ஒரு நிமிடம் சுட முதுகில் ஒரு அரிசி மூட்டை! துப்பாக்கி எடை தனி.

இந்த விஷயத்தில் நம் முன்னோர்கள் யோக்கியமானவர்கள். காண்டவ வனத்தை எரிக்கக் கிளம்பியபோது அர்ஜுனனுக்குக் காண்டீவத்தோடு அம்பு குறையாத இரண்டு தூணிகளும் கிடைத்தன. 'அம்பறாத்தூணி' என்கிறோமே, பிரித்துப் பாருங்கள். அம்பு அறாத தூணி! தெய்வம் கொடுத்தது என்று வரவுக்கு ஒரு வவுச்சராவது காட்டிவிட்டார்கள். சினிமா ஹீரோ யாரிடம் வரம் வாங்கினார்?

குண்டை ஒழுங்காக எண்ணிய படம் எது தெரியுமா? 'ஷோலே' (1975). கப்பர் சிங் கையில் ஆறு குண்டு, எதிரே மூன்று ஆள். கணக்கு சரியில்லையே என்று மூன்றை வானத்தில் சுட்டுத் தள்ளிவிட்டு, சிலிண்டரைச் சுழற்றி, ஒவ்வொருத்தன் தலையிலும் வைத்து அழுத்துவான். க்ளிக்... க்ளிக்... சுடாத துப்பாக்கிக்கே தியேட்டர் நடுங்கியது! கடைசியில் பாலத்தருகே அமிதாப்புக்குத் தோட்டா தீர்ந்துகொண்டே வரும். தர்மேந்திராவைத் தோட்டா எடுத்துவர அனுப்பிவிட்டுத் தனியாக நிற்பார். மிச்சம் இருக்கும் ஒற்றைக் குண்டை எதற்குச் செலவழிக்கிறார் என்பதில்தான் நம் உயிரே தொங்கும். ஹீரோவிடம் வற்றாத குண்டு இருந்தால் நமக்கு என்ன பயம்? தாராளமாகக் கொட்டாவி விடலாம்.

வீடியோ கேம் பண்ணியவர்கள் இதை முதலிலேயே பிடித்துவிட்டார்கள். 1996-ல் வந்த 'ரெசிடென்ட் ஈவில்' விளையாட்டில் கிரிஸ் என்ற ஹீரோ ஆறே ஆறு பொருள்தான் வைத்துக் கொள்ளலாம். துப்பாக்கி ஒன்று, தோட்டா ஒன்று, சாவி ஒன்று, மருந்து மூலிகை ஒன்று... மாசக் கடைசி பர்ஸ் மாதிரி! எதிரே பிணம் எழுந்து வரும்போது, சுடுவதா, ஓடுவதா என்று நிஜமாகவே வியர்க்கும்.

சரி, நிஜத்தில் எப்படி? 1997 பிப்ரவரி 28. லாஸ் ஏஞ்சல்ஸில், நார்த் ஹாலிவுட்டில் (பேரைப் பாருங்கள்!) குண்டு துளைக்காத கவசம் போட்ட இரண்டு பேர் பேங்க்கைக் கொள்ளையடித்தார்கள். 44 நிமிடச் சண்டை. அவர்கள் மட்டும் சுட்டது சுமார் 1,100 குண்டு. போலீஸார், பொதுமக்கள் என்று பலருக்குக் காயம். செத்தது? அந்த இரண்டு பேர் மட்டும்தான்! போலீஸ் பிஸ்டல் கவசத்தில் எடுபடவில்லை என்று, பக்கத்துத் துப்பாக்கிக் கடைக்கு ஓடி ரைஃபிள் வாங்கி வந்தார்கள். சமயம் பார்த்து ஒரு கொள்ளைக்காரனின் ரைஃபிள் சிக்கிக் கொண்டது. இதை நம் டைரக்டர் எடுத்தால் லாஜிக் இடிக்கிறது என்போம்.

ஏட்டய்யாவிடம் சொன்னேன். சிரிக்கவில்லை.

"நீங்க வேற தம்பி... எங்க ஃபயரிங் பிராக்டிஸ்ல சுட்ட ரவுண்டுக்குக் காலிக் கூட்டை எண்ணித் திருப்பிக் கொடுக்கணும். ஒரு தடவை ஒண்ணு குறைஞ்சு போச்சு. சாயங்காலம் வரைக்கும் மொத்தப் பேரும் முட்டி போட்டுப் புல்லுக்குள்ள தேடினோம். மத்தியானச் சோறு கிடையாது."

"அப்புறம்? கிடைச்சுதா?"

"கிடைச்சுது. தேடச் சொல்லிக் கத்திக்கிட்டிருந்த இன்ஸ்பெக்டரோட மடிச்சு விட்ட சட்டைக் கைக்குள்ள!"