மாடு மேய்ப்பவன் (அச்சோவியம்)

மாடு மேய்ப்பவன் என்பது பரோக் கால ஓவியர் குளோட் லொரேன் 1636 ஆம் ஆண்டில் உருவாக்கிய அமில அரிப்பு அச்சோவியம் (எச்சிங்) ஆகும். ஏறத்தாழ 13 செ.மீ உயரமும் 20 செ.மீ அகலமும் கொண்ட இச்சிறு படத்தில், மாடுகள் ஆழமற்ற நீரைக் கடக்கின்றன. மேய்ப்பன் அமர்ந்து குழல் ஊதுகிறான். இக்காட்சி தமிழ் வாசகருக்கு முல்லை நிலத்து ஆயர் வாழ்வை நினைவூட்டக்கூடியது.

உருவாக்கும் முறை

செப்புத் தகட்டின்மீது மெழுகுக் கலவை பூசப்பட்டு, ஊசியால் படம் கீறப்படும். தகட்டை அமிலத்தில் இடும்போது கீறிய இடங்கள் மட்டும் அரிக்கப்படுகின்றன. அப்பள்ளங்களில் மை நிரப்பி, ஈரத்தாளை வைத்து அழுத்தினால் படம் இடவலம் மாறிப் பதியும். அமிலத்தில் கூடுதல் நேரம் இருக்கும் கோடுகள் கருமையாகவும், குறைந்த நேரம் இருப்பவை மெல்லியனவாகவும் அச்சாகும். வண்ணமின்றியே தொலைவையும் ஒளியையும் காட்ட இவ்வேறுபாடு உதவுகிறது. செம்பு மென்மையானதாகையால் தகடு விரைவில் தேயும். எனவே தொடக்கப் படிகளே தெளிவானவை.

தாக்கம்

உரோமில் வாழ்ந்து 1682 இல் மறைந்த லொரேனின் நிலக்காட்சி மரபு, பிற்கால ஆங்கில ஓவியர்கள் பலரைக் கவர்ந்தது. 1792-93 இல் தமிழகத்தில் பயணம் செய்து, கோயில்களையும் மலைகளையும் வரைந்த தாமசு டேனியல், வில்லியம் டேனியல் ஆகியோரும் அம்மரபின் வழிவந்தவர்களே. அவர்களது படங்களும் அமில அரிப்பின் ஒரு வகையான அக்குவாடிண்ட் முறையிலேயே அச்சிடப்பட்டன.